டைல்ஸ், கல், மரப்பலகை: தடித்த பொருளுக்கு எந்த ஹீட் பிரஸ்?

சப்ளிமேஷன் தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் அடிப்பது பெரும்பாலும் டி-ஷர்ட்டும் மக்கும்தான். கொஞ்ச நாளில் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆண்டு விழாவுக்கு மர ஷீல்டு கேட்பார்கள். கல்யாண வீட்டில் மணமக்கள் படம் போட்ட டைல்ஸ் இருநூறு வேண்டும் என்பார்கள். யாராவது ஒருவர் தாத்தாவின் படத்தை ஸ்லேட் கல்லில் பதித்துத் தரச் சொல்வார். டி-ஷர்ட்டுக்கென்று வாங்கிய மெஷினில் இவற்றை வைத்து மூடும்போதுதான் சிக்கல் தெரியவரும். படத்தின் ஒரு பக்கம் அடர்த்தியாக விழுந்திருக்கும், எதிர்ப்பக்கம் வெளிறிப்போயிருக்கும். சில மெஷினில் கைப்பிடியே பூட்டாது. மை, பேப்பர், பிரிண்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் காசைக் கரைத்த பிறகே பலருக்கு மெஷின் மேல் சந்தேகம் வருகிறது.

அந்தச் சந்தேகத்தை மெஷின் வாங்கும் முன்பே பட்டுவிடுவது மலிவு.

இந்த அச்சுமுறை துணிக்காகப் பிறந்தது. பிரான்ஸைச் சேர்ந்த நோயல் டி பிளாஸ் 1950-களின் இறுதியில், சில சாயங்கள் சூட்டில் உருகாமல் நேரே ஆவியாகித் துணியில் ஏறுவதைக் கவனித்து, அதைத் துணி அச்சுக்கான முறையாக ஆக்கினார். பாலியஸ்டர் துணிதான் அதன் முதல் களம். மக், டைல்ஸ், பலகை எல்லாம் பிற்பாடு வந்தவை. அவற்றின் மேல் பாலிமர் பூச்சு ஒன்றைப் பூசி, சாயத்தின் கண்ணுக்குப் பாலியஸ்டர்போல ஆக்கியதால்தான் அவற்றிலும் அச்சு விழுகிறது. பூச்சில்லாத சாதா டைலை ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்து எந்த மெஷினில் அழுத்தினாலும், துடைத்தால் படம் கையோடு வந்துவிடும். பொருள்கள் மாறினாலும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஹீட் பிரஸ்களின் வடிவமைப்பு இன்னும் துணியின் தடிமனைத்தான் மனதில் வைத்திருக்கிறது. தடித்த பொருளில் வரும் தொல்லைகளில் பாதிக்கு இதுவே காரணம்.

அச்சு ஒழுங்காக விழ மூன்று சங்கதிகள் சேர வேண்டும். 180 முதல் 205 டிகிரி செல்ஷியஸ் வரையிலான சூடு, அந்தச் சூடு நிற்கும் நேரம், பேப்பரையும் பூச்சையும் இடைவெளியில்லாமல் ஒட்டவைக்கும் அழுத்தம். துணியில் இந்த மூன்றும் எளிதில் கூடிவரும். தடித்த பொருளில் மூன்றுமே தகராறு செய்யும்.

கீல் எங்கே இருக்கிறது?

கடையில் முதலில் கண்ணில் படுவது கிளாம்ஷெல். மேல் பிளேட் பின்புறம் உள்ள கீலில் திரும்பி மேலே எழும். இடம் குறைவாக அடைக்கும், வேகமாகத் திறந்து மூடலாம், விலையும் குறைவு. டி-ஷர்ட் அடிப்பவருக்கு இதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

தடித்த பொருளை வைத்தால் என்ன ஆகிறது என்பதற்கு வீட்டுக் கதவைப் பார்த்தாலே போதும். கீல் பக்கம் ஒரு சிறு கட்டை சிக்கினால் கதவின் மறுமுனை அகலத் திறந்தே நிற்கும். கிளாம்ஷெல்லிலும் அதுதான் நடக்கிறது. பிளேட் 38 செ.மீ. ஆழம், கீல் அதன் பின்விளிம்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்விளிம்பில் 15 மி.மீ. தடிமனுள்ள பலகை முட்டி நின்றால் முன்விளிம்பு 72 மி.மீ. உயரத்தில் நிற்கும். நல்ல மெஷின்களில் பிளேட்டுக்குச் சற்று அசைவு கொடுத்திருப்பார்கள், ஸ்க்ரூவைத் தளர்த்தி உயரத்தையும் கொஞ்சம் கூட்டலாம் என்பதால் நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனால் சாய்வு சாய்வுதான். பலகையின் பின்பக்கம் நசுங்கும், முன்பக்கம் பேப்பர் லேசாகத் தொட்டும் தொடாமலும் கிடக்கும். ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் வெளிறுவது இதனால்தான்.

ஆகவே கிளாம்ஷெல்லே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. குரோமாலக்ஸ் நிறுவனத்தின் அலுமினியத் தகடு 1.14 மி.மீ. கனம்தான். போட்டோ ஃபிரேமுக்கும் கீசெயினுக்கும் பயன்படும் ஹார்டுபோர்டு 3 மி.மீ. அளவில் இருக்கும். இவற்றை ஒழுங்கான கிளாம்ஷெல் சமாளித்துவிடும். 6 மி.மீ. டைல் வந்தால் தடுமாறும். 10 மி.மீ.க்கு மேல் போனால் அதை நம்பி ஆர்டர் எடுப்பது வம்பு.

தடித்த பொருளுக்கு ஏற்றது ஸ்விங் வகை. இதில் மேல் பிளேட் ஒரு தூணில் தொங்கி, கீழ் பிளேட்டுக்கு இணையாக நேரே இறங்கும். கைப்பிடியைத் தூக்கினால் நேரே எழும், பிறகு பக்கவாட்டில் தள்ளிவிடலாம். பொருள் 3 மி.மீ. ஆனாலும் 20 மி.மீ. ஆனாலும் நான்கு மூலையும் ஒரே நேரத்தில் தொடும். சூடான பிளேட் கைக்கு மேலே தொங்காமல் ஓரமாகப் போய்விடுவதால், டைல்களைப் பொறுமையாக அடுக்கவும் முடியும்.

அதற்கு விலை உண்டு. பிளேட் சுழல்வதற்குப் பக்கத்தில் ஒரு மெஷின் அகலத்துக்கு இடம் வேண்டும். பிளேட்டைத் தள்ளியதும் எடை முழுவதும் ஒரு பக்கம் சாயும் என்பதால் பிளைவுட் மேஜை ஆடும். இரும்பு ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கிவிடுவதே உத்தமம். இடமே இல்லாத கடைக்கு, கீழ் பிளேட்டை மேஜை டிராயர்போல வெளியே இழுக்கும் மாடல்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் மேல் பிளேட் கீலில்தான் திரும்புகிறது; இழுவை இருக்கிறது என்பதற்காக இணையாக இறங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பிளேட் எப்படி இறங்குகிறது என்பதை மூடித் திறந்து கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தடித்த பொருள் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பிளேட்டை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சாயம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பேப்பர் இம்மி நகர்ந்தாலும் படம் இரட்டையாகத் தெரியும். ஆகவே பிளேட் முழுதாக மேலே எழுந்த பிறகே பக்கவாட்டில் நகர்கிறதா, அல்லது எழும்போதே உரசிக்கொண்டு போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். உரசும் மெஷினில் எவ்வளவு ஹீட் டேப் ஒட்டினாலும் நிம்மதி இருக்காது.

திறப்பு வேறு, பிடிப்பு வேறு

"எவ்வளவு தடிமன் போகும்?" என்று கேட்டால் கடைக்காரர் மெஷினைத் திறந்து, உள்ளே கையை விட்டுக் காட்டுவார். அந்த இடைவெளியால் ஒரு பயனும் இல்லை. கேட்க வேண்டியது, கைப்பிடியை முழுதாகப் பூட்டிய நிலையில் இரண்டு பிளேட்டுக்கும் நடுவே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி வைக்க முடியும் என்பது. மேலே உள்ள பிரஷர் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தினால் பிளேட் எவ்வளவு உயருமோ அதுதான் மெஷினின் உண்மையான கொள்ளளவு. பார்க்கப் பெரிதாகத் திறக்கும் மெஷின்களில்கூட இது இரண்டு மூன்று செ.மீ.க்குள் அடங்கிவிடலாம்.

அந்த இடைவெளி முழுவதும் பொருளுக்குக் கிடைத்துவிடாது. கீழ் பிளேட்டில் ஒட்டிய சிலிக்கான் பேட் ஏறத்தாழ 8 மி.மீ. தின்னும். பிறகு ஃபெல்ட், பாதுகாப்புப் பேப்பர், டெஃப்லான் ஷீட் எல்லாம் சேரும். 16 மி.மீ. எம்.டி.எஃப். ஷீல்டு அடிப்பதாகத் திட்டமிருந்தால், பூட்டிய நிலையில் குறைந்தது 28 மி.மீ. இடம் இருக்கும் மெஷினைத் தேடுவது நல்லது. சிலிக்கான் பேட் கழற்றி மாட்டும்படி இருந்தால் அவசரத்துக்கு அந்த 8 மி.மீ.யும் கைக்கு வரும். பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிய பேட் இந்த வேலைக்கு ஒரு குறைதான்.

வெர்னியர் காலிப்பர் ஒன்று இந்தத் தொழிலில் கட்டாயம் தேவை. பலகையின் தடிமனைக் கண்ணளவில் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் தவறாகவே சொல்லுகிறார்கள்.

சூட்டைக் குடிக்கும் பொருள்கள்

விளம்பர நோட்டீஸில் பிளேட்டின் அளவு பெரிய எழுத்தில் இருக்கும், வாட் பொடி எழுத்தில் இருக்கும். தடித்த பொருளுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 15 செ.மீ. சதுரமும் 6 மி.மீ. கனமும் உள்ள டைல் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். அதை 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 43,000 ஜூல் வெப்பம் வேண்டும். 38 செ.மீ. பிளேட்டில் இப்படி நான்கு டைல் வைத்தால் 1,70,000 ஜூலைத் தாண்டும். 1800 வாட் ஹீட்டர் விநாடிக்கு 1800 ஜூல் தரும். அதன் முழு வெப்பமும் டைலுக்கே போனாலும் ஒன்றரை நிமிடம் ஆகும். பாதி வெப்பம் காற்றிலும் கீழ் பிளேட்டிலும் போய்விடுவதால் நடைமுறையில் இதற்கும் மேல். 1000 வாட் மெஷினில் சமாச்சாரம் இன்னும் இழுத்தடிக்கும்.

இந்த இழுபறியில் கைகொடுப்பது பிளேட்டின் கனம். 38 செ.மீ. சதுரத்தில் 2 செ.மீ. கனமுள்ள அலுமினிய பிளேட் கிட்டத்தட்ட 8 கிலோ. மேற்சொன்ன நான்கு டைலுக்கும் தேவையான வெப்பத்தை அந்த பிளேட்டே தன் கையிருப்பிலிருந்து கொடுத்தால் அதன் சூடு 24 டிகிரி அளவுக்கு இறங்கும். 1 செ.மீ. கனமான பிளேட் என்றால் இறக்கம் இரண்டு மடங்கு. எடை குறைவான மெஷினைத் தூக்கிப் பார்த்து "லேசாக இருக்கிறது, நல்லது" என்று மகிழ்வது துணி அடிப்பவருக்குப் பொருந்தலாம். டைல்ஸ் அடிப்பவர் கனமான பிளேட்டையே தேட வேண்டும். ஹீட்டர் குழாய்களை அலுமினியத்துக்குள்ளேயே வார்த்துவிட்ட பிளேட்டில் சூடு சீராகப் பரவும். மேலே வெறுமனே திருகி வைத்ததில் ஹீட்டர் ஓடும் பாதை மட்டும் சூடேறி, படத்தில் கோடுகோடாகத் தெரியக்கூடும்.

தமிழ்நாட்டில் இதோடு மின்சாரத்தின் கதையும் சேர்கிறது. ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்டில் 1800 வாட் கொடுக்கும் ஹீட்டர், மாலை நேரத்தில் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் 1230 வாட் அளவுக்குத்தான் கொடுக்கும். காலையில் சரியாக வந்த டைல் இரவில் வெளிறிப்போனால் பிரிண்டரைத் திட்டும் முன் மீட்டரைப் பார்க்க வேண்டும். 1800 வாட் மெஷின் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுப்பதால் ஃபேன், லைட் மாட்டும் 6 ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பாயின்ட், ஒழுங்கான எர்த், தனி எம்.சி.பி. ஆகியவை மெஷினோடு சேர்த்துப் போட வேண்டிய செலவு. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிவிடலாம் என்ற நினைப்பை ஆரம்பத்திலேயே கைவிட்டுவிடலாம்.

எந்தப் பக்கம் சூடு காட்டுவது என்பதும் மெஷின் தேர்வைப் பாதிக்கிறது. பீங்கான், கண்ணாடி, ஸ்லேட் கல் ஆகியவை மெதுவாகவேனும் சூட்டைக் கடத்தும். ஆகவே டைலைக் குப்புறப் போட்டு, கீழே ஃபெல்ட் வைத்து, முதுகுவழியாகச் சூடேற்ற முடியும். ஃபெல்ட் மெத்தென்று இருப்பதால் பேப்பர் டைலின் வளைந்த விளிம்புவரை படியும். இதற்கு 5 முதல் 10 நிமிடம் வரை ஆகும் என்பதால் டைமர் 600 விநாடிக்கு மேலும் போக வேண்டும். 999 விநாடிவரை வைக்கும் வசதி பல டிஜிட்டல் கன்ட்ரோலர்களில் இருக்கிறது. டைலை நிமிர்த்தி வைத்துப் படத்தின் மேலேயே சூடு காட்டினால் நேரம் குறையும், ஆனால் விளிம்பில் படம் முழுதாகப் பிடிக்காது.

எம்.டி.எஃப்.புக்கு இந்த வித்தை பலிக்காது. மரம் சூட்டைக் கடத்தாது. 16 மி.மீ. பலகையின் முதுகில் எவ்வளவு நேரம் சூடு காட்டினாலும் முதுகு கருகுமே தவிர முகத்துக்குச் சூடு போய்ச் சேராது. படமுள்ள பக்கம் எப்போதும் சூடான பிளேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும். 200 டிகிரியில் ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல் என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. பலகையோடு வரும் குறிப்பில் வேறு நேரம் இருந்தால் அதுவே சரி. மரநாரில் செய்த பலகை என்பதால் ஈரத்தையும் குடித்து வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் இது நன்றாகவே தெரியும். சூடு பட்டதும் ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். படம் வைப்பதற்கு முன் பலகையைச் சில விநாடி வெறுமனே சூடுகாட்டி ஈரத்தை ஓட்டிவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம். பேப்பரையும் மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.

தடித்த அக்ரிலிக் கட்டிகளிடம் எச்சரிக்கை தேவை. அக்ரிலிக் 105 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். சப்ளிமேஷனுக்கென்று செய்தது என்று விற்பவர் எழுதிக் கொடுத்த பொருளை, அவர் சொன்ன சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டுமே அடிக்க வேண்டும்.

ஸ்க்ரூவா, காற்றா?

அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது "மீடியம் பிரஷர்" என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. அது எதையும் குறிப்பதில்லை. ஒரே விசை சிறிய பொருளின் மேல் விழும்போது அழுத்தம் பலமடங்கு ஏறிவிடும். 100 மி.மீ. விட்டமுள்ள காற்று சிலிண்டரில் 4 பார் அழுத்தம் வைத்தால் 300 கிலோவுக்கு மேல் விசை கிடைக்கும். 38 செ.மீ. சதுர பிளேட் முழுவதும் பரவிய துணியின் மேல் அது சதுர செ.மீ.க்கு கால் கிலோகூட வராது. 10 செ.மீ. சதுரக் கண்ணாடிக் கோஸ்டர் ஒன்றை மட்டும் வைத்தால் சதுர செ.மீ.க்கு 3 கிலோ. கோஸ்டர் நொறுங்கிவிட்டது என்று வாங்கிய இடத்தில் சண்டைபோடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பிளேட்டை நிறைத்து அடிப்பதுதான் இதற்கு எளிய வழி. நான்கு கோஸ்டரை நான்கு மூலையில் வைத்தால் விசை பங்காகிவிடும். ஒன்றே ஒன்றுதான் ஆர்டர் என்றால் அதை நட்டநடுவில், ஸ்க்ரூவுக்கு நேர் கீழே வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தே ஆக வேண்டுமானால், அதே தடிமனில் வீணாய்ப்போன துண்டு ஒன்றை எதிர்ஓரத்தில் வைத்தால் பிளேட் சாயாது. பழைய, உடைந்த டைல்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கையால் அழுத்தும் மெஷினில் தடிமன் மாறும்போதெல்லாம் ஸ்க்ரூவைத் திருப்பி மறுபடி அளவு பிடிக்க வேண்டும். காலையில் 3 மி.மீ. ஃபிரேம், மதியம் 8 மி.மீ. கல், மாலையில் ஷீல்டு என்று ஓடும் கடையில் இது பெரிய தலைவலி. காற்றழுத்த மெஷின் இங்கே வெற்றி பெறுகிறது. சிலிண்டரின் ஓட்டத்துக்குள் இருக்கும்வரை பொருள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் விசை ஒன்றுதான். ரெகுலேட்டரில் எண்ணைப் பார்த்து வைத்தால் நாளைக்கும் அதே அழுத்தம் வரும். ஆனால் கம்ப்ரஸர் வேண்டும், அதன் சத்தத்தையும் கரண்ட் பில்லையும் தாங்க வேண்டும். வாரம் ஓரிரண்டு ஷீல்டு அடிக்கிறவருக்கு இது வீண்செலவு. தினமும் பலவகைப் பொருளை மாற்றி மாற்றி அடிப்பவர் யோசிக்காமல் வாங்கலாம். வாங்கியதும் கண்ணாடிக்கும் கல்லுக்கும் பிரஷரைக் குறைத்து வைத்துத்தான் தொடங்க வேண்டும். கீழே ஒரு மணல் பருக்கை சிக்கியிருந்தாலே கண்ணாடி விரிசல் விடும்.

கையில் பிடித்து அழுத்தும் சிறிய பிரஸ்கள் இந்த அத்தியாயத்தின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. பத்து நிமிடம் ஒரே சீராகத் தோள்வலியோடு அழுத்திக்கொண்டு நிற்பது யாராலும் ஆகாது.

வளைந்த விளிம்புக்கும் கரடுமுரடான கல்லுக்கும் 3டி வேக்கம் மெஷின் என்று ஒன்று விற்பனையில் இருக்கிறது. உள்ளே பொருளை வைத்து, சிலிக்கான் சவ்வால் மூடி, காற்றை உறிஞ்சிவிட்டுச் சூடேற்றும். எவ்வளவு உறிஞ்சினாலும் சவ்வு அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டாது, அதாவது சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் கல் உடையாது, ஓரங்களிலும் படம் படியும். நேரம் அதிகம் பிடிக்கும், ஒரு முறைக்குச் சில பொருள்தான் கொள்ளும். முதல் மெஷினாக வாங்க இது தோதுப்படாது. போன் கவரும் வளைந்த கல்லும் தொடர்ந்து ஓடும் கடைக்கு இரண்டாவது மெஷினாக நன்றாக உழைக்கும்.

"5 இன் 1", "8 இன் 1" என்று வரும் கம்போ மெஷின்களின் கவர்ச்சி பெரிது. மக், தொப்பி, தட்டு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி அச்சு மாட்டலாம். இவற்றில் பல ஸ்விங் வகைதான் என்பதால் தடித்த பொருளுக்கு ஒத்துவராது என்று ஒதுக்க முடியாது. ஆனால் மக் அடிக்கும்போது டைல் அடிக்க முடியாது. பிளேட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதில் ஒயர் இணைப்பும் திருகும் தேய்ந்து, பிளேட் ஆடத் தொடங்கும். ஆடுகிற பிளேட் இணையாக இறங்காது. தடித்த பொருளை நம்பிக் கடை நடத்துகிறவருக்குத் தட்டையான ஸ்விங் மெஷின் ஒன்றும், மக்குக்குத் தனியாகச் சிறிய மக் பிரஸ் ஒன்றும்தான் சரியான கூட்டணி.

அளவைப் பொறுத்தவரை 38 செ.மீ. சதுரம், அதாவது கடைகளில் 15×15 இன்ச் என்று சொல்வது, பெரும்பாலானவர்களுக்குப் போதும். நான்கு டைலுக்கு ஆறு நிமிடம் அழுத்தம், எடுத்து வைக்க இரண்டு நிமிடம் என்று வைத்தால் மணிக்கு முப்பது டைல். கல்யாண வீட்டின் இருநூறு டைல்ஸ் ஒரு பகல் வேலை. 40×60 செ.மீ. பிளேட் வாங்கினால் வேகம் கூடும், ஆனால் அதற்கேற்ற வாட் இல்லாத பெரிய பிளேட்டைவிடச் சிறியதே மேல்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

சென்னை பாரிமுனையில் வாங்கினாலும் ஆன்லைனில் பார்த்துவிட்டு உள்ளூர் டீலரிடம் வாங்கினாலும், அடிக்கப்போகும் பொருள்களிலேயே மிகத் தடித்த ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அதை நடுவில் வைத்து மெஷினை மூடச் சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் பொருளின் நான்கு ஓரத்திலும் மேலே ஒவ்வொரு நீளப் பேப்பர்த் துண்டு செருகிவிட்டு, பூட்டியதும் இழுத்துப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே இறுக்கத்தில் நின்றால் பிளேட் இணையாக இறங்குகிறது. ஒரு பக்கத் துண்டு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்தப் பக்கம் நாளைக்குப் படமும் வெளிறும். சூடு இல்லாமலே செய்யக்கூடிய சோதனை என்பதால் எந்தக் கடைக்காரரும் மறுக்கக் காரணமில்லை.

அடுத்தது சூடு. டிஸ்பிளேயில் 200 என்று காட்டுவது சென்சார் இருக்கும் ஒரு புள்ளியின் கதை. பலரும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டரைக் காட்டி ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் பார்க்கிறார்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி பெரும்பாலும் குறைத்தே காட்டும். டெஃப்லான் பூசிய பரப்பில் ஓரளவு நம்பலாம். சூட்டுக்கு நிறம் மாறும் ஸ்டிக்கர் பட்டைகளை நடுவிலும் மூலைகளிலும் ஒட்டி அழுத்திப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. நடுவுக்கும் மூலைக்கும் ஐந்து டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் சரி. பத்தைத் தாண்டினால் பெரிய டைலில் அது கண்ணுக்குத் தெரியும். மொத்தமாகச் சில டிகிரி ஏற இறங்க இருந்தால் கவலையில்லை, பெரும்பாலான கன்ட்ரோலரில் அதைத் திருத்தி வைக்க வழி உண்டு.

நேரம் இருந்தால் முழுக்கச் சாம்பல் நிறம் அடித்த ஒரு பேப்பரைக் கொண்டுபோய் ஹார்டுபோர்டில் அழுத்திப் பார்க்கலாம். பல வண்ணப் படத்தில் மறைந்துபோகும் குறைகள் சாம்பலில் அப்பட்டமாகத் தெரியும். சூடு போதாத இடம் வெளிறும், மிஞ்சிய இடத்தில் சாம்பலும் கறுப்பும் பழுப்பேறும்.

அடித்த பொருளை ஆறவிடுவது மெஷின் சம்பந்தப்பட்டதல்ல என்றாலும் ஒரு வரி சொல்லிவிடலாம். சூடான கல்லையும் கண்ணாடியையும் கிரானைட் மேடையில் வைக்கவோ தண்ணீர் தெளிக்கவோ கூடாது. மரப்பலகையில் தானாக ஆறட்டும். வீட்டு வாசலில் பதிக்கப் பெயர்ப்பலகை டைல் கேட்டு வருபவரிடம், வெயிலில் நிறம் மங்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது கடையின் பெயருக்கு நல்லது.

பழைய மெஷின் வாங்குவது தவறில்லை. ஸ்விங் மெஷினில் கெட்டுப்போக அதிகம் எதுவும் கிடையாது. தூணை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ஆட்டம் இருந்தால் சரிசெய்வது கடினம். பிளேட்டின் பரப்பில் ஆழமான கீறலோ பள்ளமோ இருந்தால் அது ஒவ்வொரு படத்திலும் விழும். சிலிக்கான் பேட் நைந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம், கன்ட்ரோலரும் தனியாகக் கிடைக்கும், ஆனால் பிளேட்டுக்குள் வார்த்த ஹீட்டர் போய்விட்டால் பிளேட்டையே மாற்ற வேண்டும். எனவே 200 டிகிரிக்கு ஏற்றி, கால்மணி நேரம் அப்படியே வைத்து, தடித்த பொருள் ஒன்றை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மெஷினைச் சூடாக்கிக் காட்ட மறுக்கிறவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.